தெரு இருக்கு... தெருக்காரங்க எங்கே?

ஒரு தெருவைத் தெரு என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்?

என் கணக்கு ரொம்ப சிம்பிள். காலையில் யாராவது ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு மாடி ஜன்னலைத் திறக்க வேண்டும். ஒரு பாட்டி, கீழே போகிற பையனைக் கூப்பிட்டு ரொட்டி வாங்கி வரச் சொல்ல வேண்டும். ஸ்கூலுக்கு லேட்டாகிவிட்ட குழந்தை ஒன்று அழ வேண்டும். சாயங்காலம் ரெண்டு பெரியவர்கள் திண்ணையிலோ படிக்கட்டிலோ உட்கார்ந்து ஊர் வம்பு பேச வேண்டும். இதெல்லாம் இல்லாமல் கல்லும் சுவரும் விளக்கும் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் தெரு இல்லை. சினிமா செட்!

அப்படி செட் ஆகிக்கொண்டிருக்கும் ஒரு தெருவுக்கு இந்த வாரம் உங்களை அழைத்துப் போகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம். கொஞ்சம் கோபம் இருந்தால் போதும்.

குரோஷியாவில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் துப்ரோவ்னிக் என்று ஓர் ஊர். கோட்டை மதிலுக்குள் அடங்கிய அதன் பழைய நகரத்துக்கு நட்டநடுவே ஓடுகிறது ஸ்ட்ராடூன். ஆவணங்களில் அதன் பெயர் 'ப்ளாட்சா'. ஸ்ட்ராடூன் என்பது வெனிஸ் பேச்சு வழக்கில் வந்த பெயர். 'பெரிய தெரு' என்று அர்த்தம். பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். மொத்த நீளமே சுமார் 300 மீட்டர்தான். வேடிக்கை பார்க்காமல் நடந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால், வேடிக்கை பார்க்காமல் நடக்க முடியாது. அதுதான் அந்தத் தெருவின் சாமர்த்தியம்.

மேற்கே பிலே வாசல் வழியாக நுழையுங்கள். ஒரு காலத்தில் இங்கே தூக்கி இறக்கும் மரப்பாலம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் பாலத்தைத் தூக்கி, வாசலைப் பூட்டி, சாவியை ஊரின் தலைவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் வலது கைப் பக்கம் வட்டமாக, மேலே குவிமாடத்தோடு ஒரு கட்டடம். ஓனோஃப்ரியோவின் நீரூற்று. ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து வாய்க்கால் கட்டிக் கொண்டுவந்தார்கள். 1438-ல்! சுற்றிலும் பதினாறு கல் முகங்கள். அவற்றின் வாயிலிருந்து இன்றைக்கும் தண்ணீர் கொட்டுகிறது. பாட்டிலைக் காட்டிப் பிடித்துக் குடிக்கலாம்.

இடது பக்கம் பிரான்சிஸ்கன் மடாலயம். அதற்குள் 1317-ல் துறவிகள் ஆரம்பித்த மருந்துக் கடை. இன்றும் அங்கே மருந்துக் கடை நடக்கிறது. எழுநூறு வருஷம்! நம் தெருமுனை மெடிக்கல் ஷாப் ஏழு வருஷம் தாக்குப் பிடித்தாலே ஆச்சரியம்.

குனிந்து தரையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல். 1468-ல் கல் பாவிய தெரு. தலைமுறை தலைமுறையாகப் பட்ட காலடியில் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்த ராத்திரியில் தெருவிளக்குகள் தரைக்குள்ளும் எரியும். இந்தத் தெரு இருக்கும் இடமே ஒரு காலத்தில் தண்ணீர்தான். ஒரு பக்கம் பாறைத் தீவில் ஒரு குடியிருப்பு, எதிர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இன்னொன்று, நடுவே சதுப்புக் கால்வாய். அதைத் தூர்த்தார்கள். ரெண்டு ஊர் ஒரே ஊரானது. அதாவது, பிரிந்து கிடந்த ஜனங்கள் சேர்ந்து வாழ்வதற்காகவே உண்டான தெரு இது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கிழக்குக் கோடியில் மணிக்கூண்டு. பக்கத்தில் ஸ்பான்ஸா மாளிகை. 1522-ல் கட்டி முடித்த சுங்கச் சாவடி. உள்ளே சரக்கு நிறுக்கும் இடத்துக்கு மேலே லத்தீனில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறார்கள். சாரம் இதுதான்: இங்கே எடையில் ஏமாற்றக் கூடாது, நான் சரக்கை நிறுக்கும்போது கடவுள் என்னை நிறுக்கிறார். எதிரே ஓர்லாண்டோ என்ற வீரனின் சிலை செதுக்கிய தூண். 1418-ல் நட்டது. வியாபாரிகள் துணி அளக்க அந்தச் சிலையின் முன்கை நீளம்தான் முழம்! 51.2 சென்டி மீட்டர். முழத்தில் ஏமாற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு சிலையிடம் போகலாம்.

எப்பேர்ப்பட்ட ஊர் என்று தெரிகிறதா?

*

அந்தக் காலத்தில் இதன் பெயர் ரகூசா. சின்னக் குடியரசு. ஒரு பக்கம் வெனிஸ், இன்னொரு பக்கம் துருக்கி சுல்தான் என்று ரெண்டு யானைகளுக்கு நடுவே, கப்பம் கட்டியும் கும்பிடு போட்டும் சாமர்த்தியமாகப் பிழைத்த ஊர். பிரபுக்களின் ஆட்சிதான், ஜனநாயகம் என்று நான் புளுகப்போவதில்லை. ஆனாலும், தலைவருக்குப் பதவிக் காலம் எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம்! அந்த ஒரு மாதமும் அரசு வேலை இல்லாமல் மாளிகையை விட்டு வெளியே வரக்கூடாது. ஆட்சி மன்றத்தின் கதவுக்கு மேலே எழுதி வைத்திருந்தார்கள்: சொந்த விவகாரத்தை மறந்துவிடு, பொது விவகாரத்தைப் பார்.

பார்த்தார்கள். கொள்ளைநோய் பரவியபோது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் தனியாக இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம் என்று 1377-ல் சட்டம் போட்டார்கள். 2020-ல் நம்மையெல்லாம் வீட்டுக்குள் உட்கார வைத்த 'குவாரன்டைன்' ஏற்பாட்டுக்கு முன்னோடி இந்த ஊர்தான். 1416-ல் அடிமை வியாபாரத்துக்குத் தடை. 1432-ல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். ஐரோப்பாவின் பெரிய ராஜ்ஜியங்கள் பல அப்போது இதையெல்லாம் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை.

1667, ஏப்ரல் 6. பூகம்பம். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். மாளிகைகள் சரிந்தன, மிச்சத்தைத் தீ தின்றது. ஸ்பான்ஸா மாதிரி சில கட்டடங்கள்தான் தப்பின. ஊரைக் கைகழுவிவிட்டு வேறு இடம் பார்த்துப் போயிருக்கலாம். போகவில்லை. திரும்பக் கட்டினார்கள். அதுவும் எப்படி? உன் வீடு பெரிசு, என் வீடு பெரிசு என்ற போட்டிக்கு இடமே இல்லை. ஸ்ட்ராடூனில் எல்லா வீடும் ஒரே மாதிரி. கீழே கடை. மேலே குடித்தனம். சமையலறை உச்சி மாடியில். தீப்பிடித்தால் மற்ற மாடிகளுக்குப் பரவாமல் இருக்கட்டும் என்று! கடை வாசலும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள், முழங்கால் மடித்த மாதிரி இருக்கும். பாதி வாசல், பாதி விற்பனை மேடை. இன்றைக்கு நீங்கள் 'மத்திய காலத் தெரு' என்று போட்டோ எடுக்கிற முகப்புகளில் பெரும்பாலானவை உண்மையில் இந்தப் பூகம்பத்துக்குப் பின் கட்டியவை. தெருவின் தடம்தான் மத்திய காலத்தது.

கீழே கடை, மேலே குடித்தனம். இந்த நாலு வார்த்தையில் இருக்கிறது அந்தத் தெருவின் ஜீவன்.

*

அடுத்தது மனுஷன் செய்த பூகம்பம். யுகோஸ்லாவியா உடைந்தபோது, 1991 அக்டோபரில் துப்ரோவ்னிக்கை முற்றுகையிட்டது யுகோஸ்லாவிய ராணுவம். தண்ணீர் இல்லை, கரன்ட் இல்லை. 1979-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்ட ஊர் அது. அதைக் காட்டி அங்கங்கே யுனெஸ்கோ கொடி கட்டினார்கள். குண்டுக்குக் கொடி தெரியுமா? டிசம்பர் 6-ம் தேதி மிக மோசமான தாக்குதல். பழைய நகரத்தின் 824 கட்டடங்களில் 563 மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கு அறுபத்தெட்டு! ஒன்பது கட்டடங்கள் முழுசாக எரிந்தன. முற்றுகையில் பொதுமக்கள் எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்ட்ராடூனின் கண்ணாடித் தரையிலும் குண்டு விழுந்து குழியானது.

உலகம் கொதித்தது. நியாயமான கொதிப்பு. ஹேக் நகரத்தில் நடந்த சர்வதேசத் தீர்ப்பாயம், தாக்குதலுக்குப் பொறுப்பான தளபதிகளைக் கூண்டில் ஏற்றியது. 2004-ல் ஒருவருக்கு ஏழு வருஷம். 2005-ல் இன்னொருவருக்கு எட்டு வருஷம். அது அப்பீலில் ஏழரை ஆனது. பாரம்பரியச் சின்னங்களை அழித்ததும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தது.

இதற்குள் ஊரையும் பழுது பார்த்துவிட்டார்கள். கல்லுக்குக் கல், ஓட்டுக்கு ஓடு. மதில் மேல் ஏறிப் பார்த்தால் தெரியும்: பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை போருக்குப் பின் வேய்ந்த ஓடுகள், மங்கிப் போனவை பழசு. 1998-ல் யுனெஸ்கோவின் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலிருந்து துப்ரோவ்னிக்கை எடுத்தார்கள். ஆபத்து நீங்கிவிட்டதாம்.

நீங்கியதா?

போர் தொடங்கிய 1991-ல் இந்த மதிலுக்குள் சுமார் 5,000 பேர் குடியிருந்தார்கள். இன்றைக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். குண்டு விழுந்தபோதுகூடக் குடியிருந்த ஜனங்கள், குண்டு நின்ற பிறகு காணாமல் போயிருக்கிறார்கள்!

கல்லை உடைத்தவனுக்கு ஜெயில் கிடைத்தது, சரி. ஆளைக் காலி செய்தவர்களுக்கு? சுற்றுலா வளர்ச்சிக்கான விருது!

*

யார் காலி செய்தது? வில்லன் யாரும் இல்லை. அதுதான் பிரச்னையே.

கணக்கைப் பாருங்கள். மூன்றாவது மாடியில் தாத்தா காலத்து வீடு. மாத வாடகைக்கு விட்டால் ஒரு குடும்பம் வரும், ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அதையே டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விட்டால், அந்தத் தொகை சில ராத்திரிகளிலேயே கைக்கு வந்துவிடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். விட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரும் விட்டார். எதிர் வீட்டுக்காரர் நல்ல விலை வந்ததும் விற்றேவிட்டார். குடித்தனம் குறைந்ததும் கீழே இருந்த மளிகைக் கடைக்கு வியாபாரம் இல்லை. அங்கே ஐஸ்க்ரீம் பார்லர் வந்தது. செருப்பு தைக்கிறவர் போனார், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப் படம் வந்தது. மிச்சமிருக்கும் பாட்டி ஒரு ஊசி வாங்க மதிலைத் தாண்டிப் போக வேண்டும். கார் நுழையாத ஊர், எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. எத்தனை நாள் ஏறி இறங்குவார்? ஒருநாள் அவரும் போகிறார். அந்த வீடும் நாள் வாடகைக்கு வருகிறது.

முன்பெல்லாம் ராத்திரியானால் வெளியாரை வெளியே நிறுத்தி வாசலைப் பூட்டினார்கள் இல்லையா? இப்போது தலைகீழ். ராத்திரியானால் உள்ளூர்க்காரர்கள் சர்வர் வேலை, கடை வேலை முடித்து, பிலே வாசலில் பஸ் பிடித்துப் புறநகருக்குத் தூங்கப் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் உள்ளே தூங்குகிறார்கள். சாவி இப்போது ஊர்த் தலைவரிடம் இல்லை. கதவோரம் தொங்கும் நம்பர் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. டி.வி. தொடரில் வரும் கற்பனைத் தலைநகரமாக துப்ரோவ்னிக்கைக் காட்டினார்கள். தொடரில் ஒரு ராணியை அவமானப்படுத்தி நடக்க வைக்கிற காட்சி இங்குள்ள ஜெசூயிட் படிக்கட்டில் எடுக்கப்பட்டது. அவ்வளவுதான், உலகத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து அதே படியில் 'ஷேம், ஷேம்' என்று கத்திக்கொண்டு வீடியோ எடுக்கிறார்கள். படிக்கட்டுக்கு மேலே ஒரு சர்ச் இருக்கிறது, பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன என்று யாருக்குக் கவலை? 2016-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக ஸ்ட்ராடூனே வேற்றுக் கிரகத்துத் தெருவாக வேஷம் போட்டது. அடிமை வியாபாரத்தைத் தடை செய்த ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் கைடிடம் கேட்கிற முதல் கேள்வி, 'டிராகன் எங்கே வந்தது?'

போதாததற்குக் கப்பல்கள். ஒவ்வொன்றும் மிதக்கிற டவுன்ஷிப். காலையில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போகும். சாப்பாடு கப்பலில், தூக்கம் கப்பலில். ஊருக்கு மிஞ்சுவது ஒரு ஐஸ்க்ரீம் காசும், ஒன்பது டன் குப்பையும் என்று சொன்னால் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை. 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். ஒரு நேரத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் தாங்காது என்று யுனெஸ்கோ எச்சரித்திருந்தது. 300 மீட்டர் தெரு ஐயா இது!

*

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: "டூரிஸ்ட் வராவிட்டால் அந்த ஊருக்குச் சோறு ஏது?"

நியாயமான கேள்வி. டூரிஸ்ட் காசுதான் அந்த ஊரை வாழ வைக்கிறது, சந்தேகமே இல்லை. 2020-ல் கொரோனா வந்து கூட்டம் நின்றபோது ஸ்ட்ராடூன் வெறிச்சோடியது. அமைதி திரும்பியது என்று யாரும் கொண்டாடவில்லை, பிழைப்பு போனதே என்று தலையில் கைவைத்தார்கள். ஆனால் அந்த வெறிச்சோடல் இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. டூரிஸ்ட் இல்லாவிட்டால் தெருவில் ஆளே இல்லை! விருந்தாளி வருவதற்கு நான் எதிரி இல்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு கேள்வியும் வரும்: "அவர்களாகத்தானே விற்றார்கள்? யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே?"

உண்மை. ஒவ்வொருவரும் தன் சொந்த விவகாரத்தைச் சரியாகத்தான் பார்த்தார்கள். பொது விவகாரத்தை யார் பார்த்தது? அந்தப் பழைய கதவுக்கு மேலே எழுதியிருந்தது இதைத்தானே! 1667-ல் ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டியிருந்தால் ஸ்ட்ராடூன் கிடைத்திருக்காது. 'உன் வீடுதான், ஆனால் தெரு எல்லோருக்கும் சொந்தம்' என்று அன்றைய செனட் சொன்னது. கல்லுக்குப் போட்ட அந்த விதியைக் குடித்தனத்துக்குப் போட இன்றைய ஆட்சிகளுக்குப் பல வருஷம் தைரியம் வரவில்லை.

இப்போதுதான் கொஞ்சம் விழித்திருக்கிறார்கள். 2019-லிருந்து ஒரு நேரத்தில் ரெண்டு கப்பல், நாலாயிரம் பயணிகள் என்று கட்டுப்பாடு. 2023-ல் இன்னொரு வேண்டுகோள்: 'சூட்கேஸைக் கல் தெருவில் கடகடவென்று உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். ராத்திரியில் தூங்க முடியவில்லை!' உலகப் பத்திரிகைகள் இதைத் தமாஷாக எழுதின. எனக்குத் தமாஷாகப் படவில்லை. 'இங்கே நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம்' என்று ஓர் ஊர் உலகத்துக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே, அது எவ்வளவு பெரிய அவமானம்! சமீபத்தில் பழைய நகரத்துக்குள் புதிதாக நாள் வாடகைக்கு அனுமதி தருவதையும் நிறுத்தியிருக்கிறார்கள். நல்லது. வீடு காலியான பிறகு போட்ட பூட்டு என்றாலும் நல்லதுதான். ஆயிரம் பேராவது மிஞ்சியிருக்கிறார்களே!

*

சரி, நமக்கு இதில் என்ன பங்கு?

இருக்கிறது. 'பத்து நாளில் ஏழு நாடு' பேக்கேஜில் கிளம்புகிறோமே, அதில் ஸ்ட்ராடூன் மாதிரித் தெருக்களுக்கு ஒதுக்கியிருப்பது ரெண்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் போட்டோ, அரை மணி நேரம் பாத்ரூம் தேடுவது. இப்படிப் போவதை விட ஒரு ஊரை விட்டுவிட்டு இன்னொரு ஊரில் மூன்று நாள் தங்குங்கள். மதிலுக்குள் இருக்கிற வீட்டை நாள் வாடகைக்கு எடுக்காமல் வெளியே ஹோட்டலில் தங்கினால் ஒரு குடும்பத்துக்கான இடம் மிச்சமாகும். உள்ளூர்க்காரர் நடத்துகிற கடையில் சாப்பிடுங்கள். சூட்கேஸைத் தூக்குங்கள், முதுகு வலித்தால் குறைவாக எடுத்துப் போங்கள். ஜன்னலில் காயப் போட்ட துணியைப் படம் பிடிப்பதற்கு முன், அது யாரோ ஒருவருடைய உள்ளாடை என்பதை ஒரு விநாடி நினைத்துப் பாருங்கள்.

முடிந்தால் ஆகஸ்டில் போகாதீர்கள். பிப்ரவரி 3-ம் தேதி போங்கள். அன்றைக்கு அந்த ஊரின் காவல் தெய்வம் புனித விளாஹோவின் திருவிழா. 972-லிருந்து நடப்பதாகச் சொல்கிறார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் கொடியோடு வருவார்கள். புனிதரின் திருப்பண்டங்கள் ஊர்வலமாக ஸ்ட்ராடூனில் வரும். சர்ச்சில் பாதிரியார் ரெண்டு மெழுகுவத்தியைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து, தொண்டை நோய் வராமல் இருக்க ஆசீர்வதிப்பார். காலி செய்துகொண்டு போனவர்களும் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். குளிராக இருக்கும். பாதி ஹோட்டல் மூடியிருக்கும். டிராகன் பொம்மை கிடைக்காது.

ஆனால், ஒரு குழந்தை அழும். ஒரு பாட்டி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரெண்டு பெரியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வம்பு பேசுவார்கள்.

அன்றைக்கு ஒருநாள் அது தெருவாக இருக்கும். மீதி 364 நாளும் அது தெருவாக இருக்க வேண்டும் என்று அந்த ஜனங்கள் கேட்பது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.